ஞாயிற்றுக்கிழமைக் குப்பை

— அண்ணி, அந்தச் சாக்கைக் கீழ வையுங்க. எத்தனை தடவை சொல்றது?

— வச்சா காத்து தூக்கிட்டுப் போயிரும் கெலேபி. உன் பூட்ஸுக்கு அடியில ஒரு தட்டு மாட்டியிருக்கு பாரு. அதை எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் பேசு.

— நான் இப்ப உங்க கொழுந்தனா வரலை. போலீஸா வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வேலை செய்யக் கூடாதுங்கறது டோங்காவுல சட்டம். பள்ளிக்கூடப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

— வேலையா? எனக்கு யாரு கூலி குடுக்குறா?

— கூலி வாங்கினாத்தான் வேலையா? இதை நேத்தே செஞ்சிருக்கலாம்ல.

— நேத்துதான் செஞ்சோம். சர்ச்சு மாநாட்டு விருந்து முடிஞ்ச குப்பையை நாங்க பொம்பளைங்க மூட்டை மூட்டையாக் கட்டி, மண்டபத்துக்குப் பின்னாடி அடுக்கினோம். சாயங்காலம் லாரி வந்து ஏத்திக்கும்னு பாதிரியார் சொன்னாரு. வரலை. ராத்திரி அடிச்ச காத்துல மூட்டை எல்லாம் கிழிஞ்சு கரை பூரா எறைஞ்சு கிடக்கு. நீ தின்ன தட்டும் இதுலதான் இருக்கும்.

— சரி, நாளைக்கு விடியக்காலம் நானும் வர்றேன். சேர்ந்து அள்ளுவோம்.

— நாளைக்கு இங்க என்ன இருக்கும்? இன்னைக்கு மத்தியானம் கடல் பெரிய ஏத்தம். தண்ணி இந்தத் தென்னை வரைக்கும் ஏறிட்டு, போறப்ப அத்தனையையும் வாரிட்டுப் போகும். போற வழியில நாங்க நட்ட அலையாத்திக் கன்னு, சிப்பி பொறுக்குற சேறு, எல்லாத்து மேலயும் போத்திட்டுப் போகும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு கடல்கிட்ட யாராவது சொல்லிட்டு வாங்க. அப்புறம் நான் வீட்டுக்குப் போறேன்.

— சர்ச்சுக்கு வந்த சுலியா அம்மா உங்களைப் பாத்துட்டு, வாசல்லயே நின்னு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுட்டாங்க. யாரோ உங்களைப் படம் புடிச்சு ஃபேஸ்புக்குல வேற போட்டிருக்காங்க. நியூசிலாந்துலேருந்து அண்ணன் கூப்பிட்டுக் கத்துறாரு. அவரு வேலை பாக்குற ஆப்பிள் தோட்டத்துல நம்ம ஊர்க்காரங்க எல்லாம், உன் பொண்டாட்டி சாமியை விடப் பெரிய ஆளான்னு கேக்குறாங்களாம்.

— அவருகிட்ட நீ என்ன சொன்ன?

— உங்களை வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்னு சொன்னேன்.

— நல்லாத்தான் சொல்லியிருக்க.

— சனிக்கிழமையானா மஞ்சள் பனியன் போட்டுக்கிட்டு கரையில குப்பை அள்ள அத்தனை பேரு நிப்பீங்களே. இன்னைக்கு ஒருத்தரையும் காணோம்?

— வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினேன். லாத்து மட்டும் திறந்தா. சர்ச்சுக்கு வெள்ளை உடுத்தி நின்னுக்கிட்டு, மாமியா விட மாட்டாங்கன்னு அழுதா. மத்தவங்க திறக்கவே இல்லை. உள்ள பேச்சுச் சத்தம் எனக்குக் கேக்குது.

— கையில என்ன ரத்தம்?

— டின்னு கிழிச்சிருச்சு. அதை விடு. விடிஞ்சதுலேருந்து குனிஞ்சு குனிஞ்சு இவ்வளவுதான் அள்ளியிருக்கேன், பாரு. இன்னும் அந்தப் பாறை வரைக்கும் கிடக்கு. நான் ஒருத்தியா முடிக்க முடியாது, எனக்கே தெரியும். வருஷக்கணக்கா அள்ளுறோம், ஒரே ராத்திரியில இப்படி ஆக்கிட்டாங்க. அள்ளுறவ மேலதான் எல்லாருக்கும் கோவம். இந்தா சாக்கு, புடி.

— எங்க போறீங்க?

— வீட்டுக்குத்தான். குழியடுப்புல கிழங்கு கருகியிருக்கும். அவ அடங்கிட்டான்னு உன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடு.

— நில்லுங்க அண்ணி. அவரு உங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலை. கேசு போடச் சொன்னாரு.

— போட்டுக்கோ. இதுக்கு மேல என்ன இருக்கு.

— போட்டாச்சு. இந்தச் சாக்கு ஆதாரம். நீங்க அள்ளினதும் ஆதாரம். இன்னும் அள்ளாம கிடக்குறதும் ஆதாரம். மத்தியானம் ஏத்தத்துல அது கடலோட போயிட்டா யாரு பதில் சொல்றது?

— என்னடா உளர்ற?

— ஞாயித்துக்கிழமை போலீஸ் வேலை செஞ்சா குத்தமில்லை அண்ணி. நீங்க கைதாகியிருக்கீங்க, போய் அந்த நிழல்ல உக்காருங்க. ஸ்டேஷன்லேருந்து போலீஸ்காரங்க வேன்ல வர்றாங்க, பாறை வரைக்கும் ஒரு தட்டு விடாம அள்ளச் சொல்லியிருக்கேன்.