ஒன்பது சுற்று

அன்று காலை என் கையில் எந்த வாட்ச் இருந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வெள்ளை முகப்புள்ள பழைய சிட்டிசன் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இல்லை, தோல் வார் போட்ட சின்ன டைட்டன்தான், முந்தின மழையில் வார் நனைந்து கறுத்திருந்ததே என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. முப்பத்தொரு வாட்ச் வைத்திருப்பவனுக்கு இந்தக் குழப்பம் வரும். நீங்களோ விசாரணைக்கு வந்து என்னிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எட்டேகால் என்று முதல் தடவை எழுதிக் கொடுத்தேன். எட்டு இருபது என்று அடுத்த தடவை சொன்னேன். இரண்டும் என் வாட்ச்சை நம்பிச் சொன்னவை, அதனால் இரண்டையும் விட்டுவிடுங்கள். இன்னொருவருடைய வாட்ச்சில் அப்போது எட்டு பதினாறு. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. விருதுநகரில் வேதியியல் படித்துவிட்டு, பதினாறு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். "உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு, சோத்த வடிச்சு எறக்கிட்டு வந்து பதில வாங்கிக்கிடலாம்" என்று என் மனைவி அனுப்பிரியா சொல்வாள்.

வாட்ச் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. போனில் ஒரு படம் வரும். பார்த்த ஐந்தாவது நிமிடம் அது என்னுடையதாகியிருக்கும். பார்சல் வந்ததும் இரண்டு நாள் சந்தோஷம். மூன்றாவது நாள் அதை விருதுநகருக்கு எடுத்துப்போய், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சங்கிலிமுத்துவிடம் காட்டுவேன். அவர் கண்ணில் லென்ஸை வைத்து ஒரு பார்வை பார்ப்பார். "புதுசாப் பெயின்ட் அடிச்ச மூஞ்சி சார் இது. கெழவிக்கு மை தீட்டி அனுப்பியிருக்கான்." பழைய எச்.எம்.டி என்று நான் வாங்கியவற்றில் ஏழு அப்படிப்பட்டவை. மிளகாய் வத்தல் நெடியில் இருமிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் மேலேயே எனக்கு வரும் எரிச்சல் சாதாரணமானது இல்லை. அந்த எரிச்சலோடு பஸ்ஸில் உட்கார்ந்து, திருத்தங்கல் வருவதற்குள் இன்னொன்றை வாங்கியிருப்பேன்.

அனுப்பிரியாதான் ஒரு வழி சொன்னாள். "வாங்க வேண்டாம்னு சொல்லல. பிடிச்சா, முப்பது நாள் கழிச்சு வாங்குங்க. அப்பவும் பிடிச்சிருந்தா நானே வாங்கிக்கோங்கன்னு சொல்றேன்."

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் உண்டு. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றுக்கு மூன்று தொங்கும். ஒரு வாட்ச் மேல் ஆசை வந்தால், அன்றிலிருந்து முப்பது தாள் தள்ளி, முப்பதாவது தாளில் அதன் பெயரை எழுதி வைப்பேன். தாள் கிழியக் கிழிய ஆசை மெலியும். அந்த நாள் வரும்போது பெரும்பாலும் எனக்கே சிரிப்பு வந்து, தாளைக் கசக்கிப் போட்டுவிடுவேன். ஒரே வருடத்தில் பதினோரு வாட்ச்களைக் கசக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு அது பெரிய காரியம்.

அதிலிருந்து சின்ன விதி ஒன்றையும் நானே உண்டாக்கிக்கொண்டேன். போனை எடுக்கத் தோன்றினாலும், யாரையாவது திட்டத் தோன்றினாலும், ஒரு வார்த்தை சொல்லத் தோன்றினாலும், நொடி முள் ஒரு சுற்று முடியும்வரை எதுவும் செய்யக்கூடாது. முடிந்த பிறகும் தோன்றினால் செய்யலாம். அநேகமாகத் தோன்றாது.

இனி தங்கச்சாமி.

பட்டாசுக் கம்பெனிக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். சாவி, போன், பீடி, தீப்பெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் கேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நானும்தான். அதற்காகச் சுவரில் எண் போட்ட மரத் தட்டுகள் அடித்திருக்கின்றன. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலையில் பதினான்காம் தட்டில் அதைப் பார்த்தேன். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள். இருட்டில் ஒளிர எண்களின் மேல் பூசிய பச்சை, பழைய வெண்ணெய் போல மஞ்சளித்திருந்தது. யாரும் கைவைக்காத முகம். நான் தேடிப் பிடித்து ஏமாந்த ஏழு வாட்ச்களும் இதன் நகல்கள்.

பதினான்காம் தட்டு தங்கச்சாமியுடையது. மருந்து கலக்கும் வேலை. பட்டாசுக்குள் போகும் பொடிகளைச் சலித்துக் கலப்பதைத்தான் மருந்து கலப்பது என்போம். இருப்பதிலேயே ஆபத்தான வேலை, இருப்பதிலேயே நிதானமான ஆள். அதுவரை வேறொரு வாட்ச் கட்டியிருந்தார், அது நின்றுபோனதால் பெட்டியிலிருந்து இதை எடுத்திருக்கிறார்.

"தங்கச்சாமி, இதை எனக்குக் குடுங்க. என்கிட்ட இருக்கிறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றேன். சுற்று முடியும்வரை காத்திருக்காமல் கேட்டது அந்த ஒன்றுதான்.

"அய்யய்யோ, மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது சார்" என்றார். "இதைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனா வள்ளித்தாய் எனக்குச் சோறு போட மாட்டா. நீங்க போடுவீகளா?"

அன்று சாயங்காலம் காலண்டரில் முப்பது தாள் தள்ளினேன். அது ஒரு திங்கட்கிழமை. வழக்கமாக வாட்ச்சின் பெயரைத்தான் எழுதுவேன். அந்தத் தாளில் தங்கச்சாமி என்று எழுதினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த முப்பது நாளும் அவர் என்னை விடவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டில் நின்று, என் கண் முன்னால் நிதானமாகச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, தட்டில் வைப்பார். "என்ன சார், பொண்ணு பாக்க வந்தவுக கணக்கா பாக்குறீக?" என்பார். பின்னால் வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அழகுமீனா என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் அதிகம். "குடுத்துத் தொலைங்கண்ணே, மனுசன் எளைச்சுப் போறாரு" என்பாள். "இவுகளுக்கு இருக்கிறது ரெண்டு கை. வாட்ச்சு அம்புட்டு இருக்கு. நான் ஒண்ணு குடுத்து என்ன ஆகப்போகுது?" என்று தங்கச்சாமி பதில் சொல்வார். நான் நொடி முள்ளைப் பார்ப்பேன். ஒரு சுற்று, சில நாள் இரண்டு சுற்று. கோபம் இறங்கிவிடும். இறங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போனில் படம் எடுத்து சங்கிலிமுத்துவிடம் காட்டினேன். அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. "விட்றாதீக சார்" என்றார்.

தாள்கள் குறைந்தன. ஆசை குறையவில்லை. இதுவரை எனக்கு அப்படி நடந்ததில்லை. விதிப்படி பார்த்தால், முப்பதாவது நாளும் ஆசை மிச்சமிருந்தால் அது எனக்கு உரியது. அனுப்பிரியாவே சொன்னதுதான். தர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எல்லாரும் ஓடினார்கள். கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மிச்சமிருந்தால் குழிக்குக் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும், ஒரு பிடி கூட அறையில் தங்கக்கூடாது. தங்கச்சாமி மருந்து கலக்கும் ஆறாம் அறையைப் போய்ப் பார்க்காமலே, மிச்சம் இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் என்னைக் கேட்டது இந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டார், போலீஸ் கேட்டது, முதலாளி கேட்டார். ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

முப்பதாவது நாளான அந்தத் திங்கட்கிழமை ஏழரைக்கு நானே அறைகளைத் திறந்தேன். ஆறாம் அறையில், சாக்கால் மூடிய மருந்துத் தட்டு ஒன்று இருந்தது. மேலே கூரை ஒழுகியிருந்தது. சாக்கைத் தொடாமலே தெரிந்தது. மாட்டுத் தொழுவத்தில் வருவது போன்ற காரமான மூத்திர வாடை. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்து நனைந்து உள்ளுக்குள் சூடேறினால் அந்த வாடை வரும். அதை அசைக்கக்கூடாது. பக்கத்தில் போகக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கதவைச் சாத்திவிட்டு கேட்டுக்கு வந்தேன். யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை.

பஸ் வந்துவிட்டிருந்தது. சிலர் அதற்குள் உள்ளே போயிருந்தார்கள். காவல்காரர் மோட்டார் போடப் போயிருந்ததால் தட்டுகளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். தங்கச்சாமி வந்தார். வாட்ச்சைக் கழற்றினார், சாவி கொடுத்தார்.

"தங்கச்சாமி, இன்னைக்காவது ஒரு முடிவு சொல்லுங்க" என்றேன்.

"இன்னைக்குமா சார்? காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீகளே" என்று சிரித்தார். பிறகு, எப்போதும் போலத் தட்டில் வைக்காமல், என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்கிடுங்க. சாயங்காலம் வரைக்கும் ஒங்க வாட்ச்சு. ஆசையத் தீத்துக்கிடுங்க."

அப்போது மணி எட்டு ஏழு.

ஆறாம் அறைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். தொண்டைவரை வந்துவிட்டது. மிக வேகமாக வந்தது. போனில் படம் பார்க்கும்போது எனக்கு எப்படி வருமோ அதே மாதிரி. அந்த வேகத்தை அடையாளம் கண்டுகொள்ளத்தான் ஒன்றரை வருடம் என்னைப் பழக்கியிருந்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன். நொடி முள் பன்னிரண்டைத் தாண்டியது. ஒரு சுற்று பொறுப்போம் என்று நினைத்தேன்.

முதல் சுற்று முடியும்போது அவர் செம்புத் தகட்டில் கையை வைத்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் சல்லடையை எடுத்தார். நான்காவது சுற்றில் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, நான் இன்னும் வாட்ச்சையே பார்த்து நிற்பதைக் கண்டு கையை உயர்த்திக் காட்டினார். நானும் கையை உயர்த்தினேன். ஆறாவது சுற்றில் கருவேல மரங்களுக்கு நடுவே அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் என்னை நானே கேட்டுக்கொண்டேன், இன்னும் சொல்லத் தோன்றுகிறதா என்று. எட்டாவது சுற்றின்போது தோன்றவில்லை. விதி அப்போதும் பலித்தது.

ஒன்பதாவது சுற்று முடிந்தபோது மணி எட்டு பதினாறு. சத்தத்தில் கேட் சுவரின் தட்டுகள் எல்லாம் கீழே விழுந்தன. என் கையில் இருந்ததால் அந்த வாட்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை நடந்தது கவனக்குறைவு. திங்கட்கிழமை நடந்தது கவனக்குறைவு இல்லை. அன்று நான் மிகவும் கவனமாக இருந்தேன். தெரிந்தே அவரை அந்த அறைக்கு அனுப்பினேன். இதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

விழுந்து கிடந்த பொருட்களைப் பொறுக்கி, யாருடையது எது என்று பார்த்துக் கொடுத்தது நான்தான். வாட்ச்சை வள்ளித்தாயிடம் அன்றே சேர்த்துவிட்டேன். அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகள் சினேகாவும் கூட வந்திருந்தாள். அனுப்பிரியா கொடுத்த காப்பியைக் குடிக்காமல், முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்கள்.

"இது ஒங்களுக்குத்தான் சார். தீவாளி சீசன் முடிஞ்சதும் சாருக்குக் குடுத்துருவோம்ளான்னு அவுகதான் சொல்லிக்கிட்டு இருந்தாக. நானும் சரின்னுட்டேன். அதுவரைக்கும் கொஞ்சம் அலைய விடுவோம், அந்த மனுசன் வாயத் தொறந்து பேசுறதே இதுக்குத்தான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

நான் சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பினேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தீபாவளிக்கு நாற்பத்திரண்டு நாள். பொறுத்திருந்தால் எப்படியும் கிடைத்திருக்கும். அனுப்பிரியாவின் விதியில் தப்பு இல்லை, நாள்தான் கொஞ்சம் கம்மி.

தங்கச்சாமி மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், கள்ளிக்குடி தாண்டி இறந்தார். பக்கத்து அறையில் இருந்த அழகுமீனா பிழைத்தாள், வலது காது கேட்காது, இப்போது யாரையும் கேலி பேசுவதில்லை என்கிறார்கள். வள்ளித்தாய் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தாள் அடுக்குகிறார்கள். சினேகா நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். கம்பெனி மூன்று மாதம் மூடியிருந்து திறந்துவிட்டது, ஆறாம் அறையை மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அனுப்பிரியா என்னோடுதான் இருக்கிறாள், நான் திருந்திவிட்டேன் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்கிறாள். வாட்ச் நன்றாக ஓடுகிறது, தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன்.

நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்றோடு பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு வாட்ச் கூட வாங்கவில்லை.