திம்மராயன் வீட்டு டிராக்டர்

வெள்ளையம்மா கலக்கும் மோரில் உப்பு எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். குடித்தவுடன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு பற்றவில்லையோ என்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்கிறேன், ஐயா. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

சூளகிரியில் இருபத்தெட்டு வருஷமாக வண்டி இஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார் கட்டுகிறேன். திருமலை கட்டின மோட்டார் என்றால் பர்கூரிலிருந்து கிரானைட் லாரிக்காரன் தேடிக்கொண்டு வருவான். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். வெள்ளையம்மாவின் புருஷன் திம்மராயனிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. அதன் ஸ்டார்ட்டர் தேய்ந்துபோய், சாவியைத் திருகினால் கிர்ரென்று கத்திவிட்டு நின்றுவிடும். அதைப் பிரித்து, புஷ் மாற்றி, கார்பன் மாற்றி, ஆர்மேச்சரைக் கடைசல் பிடித்து மாட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு ஒரு நாள் சாவியைத் திருகினால் பேச்சுமூச்சு இல்லை.

என்னிடம் வந்திருக்கலாம். அவர் சக்தியிடம் போனார். சக்தி என் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது தொழிற்பேட்டைச் சாலையில் சொந்தக் கடை, கண்ணாடிக் கதவு. வண்டியைக் கண்ணால் பார்க்காமலே டீக்கடையில் வைத்துச் சொன்னானாம்: "திருமலை அண்ணன் கட்டுனதா? அவருக்கு இப்பக் கண்ணே சரியாத் தெரியறதில்லைங்க மாமா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலு நாளில் குந்தாரப்பள்ளிச் சந்தை வரைக்கும் பேச்சு போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சக்தி வரப்போவது தெரிந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். திம்மராயன் தக்காளித் தோட்டத்தில் இருந்தார். மோட்டாரைச் சோதித்தேன். அதில் ஒன்றுமே இல்லை. சாவியிலிருந்து வரும் ஒயர் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஐந்து நிமிஷ வேலை. நான் அதைத் தொடவில்லை.

மோட்டாரைச் சோதிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. பின்சக்கரத்துக்கு முன்னால் நின்று, ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்துத் தொட வேண்டும். சாவி தேவையில்லை, நல்ல மோட்டார் உடனே சுற்றும். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கியரில் இருந்தால் நிற்கிற ஆள் மேலேயே ஏறிவிடும். திம்மராயன் எப்போதும் நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல்லும் வைப்பார். நான் முதல் கியரைப் போட்டேன். கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். பிறகு போய் வாசலில் உட்கார்ந்தேன். மோர் வந்தது.

சக்தி வந்தான். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. ஆனாலும் மரியாதை தெரிந்தவன், கும்பிட்டான். தோட்டத்திலிருந்து திரும்பி மாட்டுக் கொட்டகையில் இருந்த திம்மராயனிடம், "மாமா, நியூட்ரல்லதான இருக்குது?" என்று கேட்டான்.

"அதுலதான்பா வுட்டன்," என்று அங்கிருந்தே பதில் வந்தது.

இருந்தாலும் ஏறிப் பார்த்துவிடலாமென்று மிதிப்படியில் ஒரு காலை வைத்தான். நான் எழுந்து பக்கத்தில் போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "நான் பாத்துட்டன் சக்தி," என்றேன்.

மூத்தவன் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு இளையவன் மறுபடி பார்க்க மாட்டான். எங்கள் தொழிலில் அது அவமரியாதை. காலைக் கீழே இறக்கிவிட்டான். "சரிங்கண்ணா," என்றான்.

சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று ஸ்குரூ டிரைவரை வைத்தான். ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மற்றது உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும்.

பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். அவன் மனைவி பிரவீனா, "உங்ககிட்ட தொழில் கத்துக்கிட்ட உசுருங்கண்ணா," என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. திம்மராயன் ஒன்பது நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார். "நியூட்ரல்லதான வுட்டன் திருமல? எனக்கு நல்லா நெனப்பு இருக்குதே," என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். "வயசாச்சில்லைங்க, வுடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்களுக்காக நான் இங்கே வரவில்லை. நேற்று உங்கள் ஏட்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்: பழுதான ஸ்டார்ட்டர் தானாகச் சுழன்றதால் விபத்து என்று வழக்கில் எழுதியிருக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்குக் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்தேன்.

சக்தியைக் கொன்றது நான்தான். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். நான் கட்டின மோட்டார் யாரையும் கொல்லாது, ஐயா.