இரண்டு ஹல்லா

— அது நான் இல்லை, தோர்டிஸ். எத்தனை தடவை சொல்றது? டீசல் இஞ்சின் புத்தகம் என்னோடது. கவிதைப் புத்தகம் எவளோ ஒருத்தியோடது. நூலகப் பட்டியல்ல ரெண்டையும் ஏன் ஒரே ஆளுக்குக் கீழே கட்டி வெச்சிருக்கே?

— ரெண்டு அட்டையிலயும் ஹல்லா எய்னார்ஸ்தோத்திர்னுதானே இருக்கு, ஹல்லா. முதல்ல உட்காருங்க. தொப்பியைக் கழட்டுங்க, பனி உருகி என் கீபோர்டுல சொட்டுது.

— சொட்டட்டும். எய்னார்ஸ்தோத்திர்னா எய்னாரோட பொண்ணு, அவ்வளவுதானே. எய்னார்னு பேருள்ள அப்பனுங்க இந்த நாட்டுல கொஞ்சமா? அதுல எத்தனை பேர் மகளுக்கு ஹல்லான்னு வெச்சிருப்பானுங்க! நேத்து மாலுமிப் பள்ளிக்கூட வாத்தியார் போன் பண்றான். "உங்க இஞ்சின் புத்தகத்தைத் தேடினேன், கூடவே கவிதையும் வருதே"ன்னு ஒரே சிரிப்பு. முப்பது வருஷம் கப்பல் இஞ்சினைப் பிரிச்சு மாட்டினவ நான். இது தேவையா எனக்கு?

— வாத்தியார் எங்கேருந்து பார்த்தாராம்?

— அக்குரேரி ஊர் நூலகத்துலேருந்து.

— ஆமா, நாடு பூரா நூலகங்களுக்கு ஒரே பட்டியல்தானே. இங்கே நான் தட்டினது அங்கேயும் தெரியும். அதனாலதான் கண்டபடி மாத்த மாட்டேன். ஒருத்தர் எழுதினதெல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். வேற வேற ஆள்னா பிறந்த வருஷத்தைப் போட்டுப் பிரிக்கணும்.

— அப்போ பிரி. நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொன்பது. தட்டு.

— உங்களது ஏற்கெனவே இருக்கு. அந்த இன்னொரு ஹல்லா எந்த வருஷம்?

— எனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கும் தெரியலை, பாருங்க. இதே பேர்ல ஒன்பது பேரைக் கண்டுபிடிச்சேன், உங்களை விட்டுட்டு. அதுல ஆறு பேருக்குப் போன் போட்டேன், யாரும் எழுதலையாம். கவிதையான்னு கேட்டதும் ஒருத்தங்க போனை வெச்சுட்டாங்க.

— புத்திசாலி. மிச்சம் மூணு பேர்?

— புத்தகம் வந்தது எழுபத்துநாலுல. ஒருத்தங்க அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒருத்தங்க அப்போ கைக்குழந்தை. ஒருத்தங்க கனடா போய் நம்ம பாஷையே மறந்துட்டாங்க.

— செத்தவ தலையில கட்டிடு. எழுந்து வந்து கேட்கப் போறாளா?

— ஹல்லா!

— சரி சரி. முறைக்காதே.

— பிரிக்கச் சொன்னா பிரிச்சுடறேன். ஆனா ஏன் பிரிச்சேன்னு ஒரு வரி எழுதணும். அதை நம்பித்தான் மத்த நூலகக்காரங்க எல்லாரும் போவாங்க. பொய்யை எழுதிட்டா திருத்த ஆளில்லை. நாட்டுலயே இந்தப் புத்தகம் ஒரே பிரதிதான், நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு.

— ஒண்ணுதானா? நாப்பது அச்சடிச்சோமே... அச்சடிச்சிருப்பாங்களே.

— நாப்பதுன்னு புத்தகத்துல எங்கேயும் போடலையே, ஹல்லா. காப்பி ஊத்தட்டுமா?

— ஊத்து. சர்க்கரை ரெண்டு கட்டி.

— இந்தாங்க. சூடு, பார்த்து.

— முப்பத்தொன்பதை நானே கொளுத்தினேன். துறைமுகத்துல, பழைய எண்ணெய் பீப்பாயில போட்டு. நாப்பதாவதை எரிக்க முடியலை. அதைக் கேப்டன் ஒட்கெய்ருக்குக் கொடுத்துத் தொலைச்சிருந்தேன்.

— கேப்டன் கேட்டாரா?

— கேட்கலை. கப்பல்ல பதினாலு ஆம்பளைங்க, நான் ஒருத்திதான் பொம்பளை. அந்த மனுஷன் ஒருத்தர்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதனால கொடுத்தேன். அன்னிக்குச் சாப்பாட்டு மேஜையில எழுந்து நின்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டினார், தோர்டிஸ். மீன் குழம்பு தட்டுல தெறிக்கற மாதிரி சிரிச்சானுங்க. அடுத்த துறைமுகத்துல இறங்கிட்டேன். வேற கப்பல்ல ஏறினேன், வேற ஆளா.

— அதுக்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்லையா?

— இதே ஊர்ல நாப்பத்தெட்டு வருஷம். எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டிடுவேன். போன வருஷம் சவ ஊர்வலத்துக்கும் போகலை. இப்போ தெரிஞ்சுதா? பிரி.

— இந்தப் புத்தகம் அவர் வீட்டுலேருந்துதான் வந்தது. அவர் பொண்ணு பெட்டியோட கொண்டுவந்து கொடுத்தா. பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் ரெண்டும் நீங்கதான்னு நான் சேர்த்தேன்.

— என்ன எழுதியிருக்கார்? கிண்டலா?

— நீங்களே படியுங்க. கடைசி அட்டைக்கு உள்பக்கம்.

— கண்ணாடி கொண்டு வரலை. நீ படி.

— "எங்கள் இஞ்சின்காரி ஹல்லா எழுதியது. பையன்கள் சிரித்தார்கள். கவிதையில் குறையில்லை, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அவள் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். கதவைத் தட்டவில்லை." அதுக்குக் கீழே தேதி தேதியா இருக்கு, ஹல்லா. ஒவ்வொரு குளிர்காலமும் ஒண்ணு. திரும்பப் படிச்ச நாளா இருக்கணும்.

— எத்தனை தேதி?

— நான் எண்ணலை. பக்கம் நிறைஞ்சு எதிர்ப் பக்கத்துக்கும் போகுது. ஹல்லா? அழறீங்களா?

— காப்பி சூடு. அந்த ஏழாவது பக்கத்தைப் படி. மெதுவா. அவரை மாதிரி கத்தாதே.

— "இஞ்சின் நின்ற பிறகுதான் கேட்கிறது, இத்தனை நேரமும் நான் மூச்சுவிட்டது."

— ம். உனக்குப் படிக்க வருது.

— இப்போ சொல்லுங்க, என்ன பண்ணட்டும்? உங்க பேர், உங்க இஷ்டம். பிரிக்கணுமா?

— வேணாம், விடு. ஆனா ஒண்ணு சொல்லு, தோர்டிஸ். பீப்பாய்ல கொளுத்தின அன்னிக்கு ராத்திரியிலேருந்து எழுதினது, பத்தொன்பது நோட்டு, வீட்டுல கருவிப்பெட்டிக்கு அடியில கிடக்கு. அதையெல்லாம் எந்த ஹல்லாவுக்குக் கீழே போடுவே?