எழுநூற்று இருபது மில்லிமீட்டர்

சந்தோஷம் வந்தால் நான் விசிலடிப்பேன். அன்று காலை கோந்த்வாவில் விசிலடித்ததும் உண்மைதான், ஸ்ரீவித்யா மேடம். இன்ஸ்பெக்டருக்கு நீங்களே மராத்தியில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுங்கள். பதினாறு வருடம் புனேயில் குப்பை கொட்டியும், சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது.

நானோ சிலிகா என்று ஒரு பொடி. கசார்வாடியில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு 2006இல் முதல் மூட்டை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எடை குறைந்த, தானே பரவி அமரும் கான்கிரீட்டில் அதைத் துளி சேர்த்தால் வலு கூடும். கூம்பில் நிரப்பித் தூக்கினால் கலவை தோசை மாவாக வட்டமாய் விரியும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

கோந்த்வாவில் ஆளுயரத்துக்கு மேல் முட்டுக் கொடுத்து மாதிரித் தளம் போட்ட அன்று, பொடி தண்ணீரை உறிஞ்சிக் கலவை கெட்டியாகிவிட்டது. வேடிக்கை பார்க்க முப்பது பேர். மிக்சரில் இரண்டு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, கூம்பைத் தூக்கிக் காட்டினேன். அடடா, என்ன வட்டம். எல்லாரும் கைதட்டினார்கள்.

என் உதவியாளர் ஜெபமணி மட்டும் குனிந்து பார்த்தார். "சார், லேசுக் கல்லெல்லாம் மேல மெதக்குதுல்லா. இது நிக்காது. என்ஜினியர்ட்ட சொல்லிருவோம்."

"ஒரு வாரம் பொறுங்க. கியூப் ஒடச்சுப் பாத்துட்டுச் சொல்லலாம்."

நல்ல மனுஷர், பொறுத்தார். வலுவைப் பார்க்க உடைக்கும் அந்தக் கான்கிரீட் கியூப்களை நான் அந்த இரண்டு வாளி இல்லாமல் தனியாக வார்த்தேன். ஏழாம் நாள் அருமையான வலு. பதினொரு வருடமாக என் கையெழுத்தை நம்பியவர் அறிக்கையை வாங்கிப் பார்த்து, "நாந்தான் தப்பா நெனச்சிட்டேன் சார்" என்று சிரித்தார்.

முட்டுகளை எடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. யாரோ அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிட்டார் என்றால், கலவையின்மேல் பழி வராது. மற்றவர்களை வடாபாவ் சாப்பிட அனுப்பினேன். நடு முட்டுகளைத் தட்டிவிடும்படி ஜெபமணியிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். விசிலடித்தது அப்போதுதான்.

ஆமாம், தளம் நிற்காது, அவர்மேல்தான் இடிந்து விழும் என்று தெரிந்தேதான் அவரை உள்ளே அனுப்பினேன். அப்படியே எழுதச் சொல்லுங்கள். கல் மிதந்ததாக அவர் சொன்னதும் சரிதான் என்று அவர் மனைவி ஆரோக்கியமேரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த வட்டம் எழுநூற்று இருபது மில்லிமீட்டர், ஓரத்தில் பிசிறே இல்லை. தண்ணீர் ஊற்றாமலே வந்திருக்கும், மேடம்.