ரங்கன் மாமா கழற்றிய பேட்டரி

ராஜேஸ்வரி அக்கா, ஓசூரில் நேற்றிலிருந்து தூறல். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உன்னிடம் நேராகப் பேச என்னால் முடியவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல போனே எழுத்தாக்குகிறது. எங்காவது பிசகியிருந்தால் அது போனின் தப்பு.

நேற்று நீ அழுதாய். "உம் மாமா சோறு துண்றதில்லடா. நாந்தான் தமிழரசியக் கொன்னேன்னு பெனாத்தினு கீறாரு. ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம். ஊர வுட்டுப் போன்னு சொல்லிட்டா எங்கடா போவோம்? நீ கம்பெனிக்காரன், வந்து ஒரு வார்த்த சொல்லு."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

நம் ஊருக்கு டவர் எட்டாது. பள்ளிக்கூடக் கூரைமேல் இருக்கும் பெட்டி வழியாகத்தான் எல்லோரும் போன் பேசுகிறீர்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ரங்கன் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இந்த மாதிரி அறுபது பெட்டிகளை இங்கே உட்கார்ந்தபடி புதுப்பிப்பது என் வேலை. அதில் பூட்லோடர் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான், மற்றதையெல்லாம் அதுதான் எழுப்பும். பழசாகவே விட்டால் வெளியாட்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். மாற்ற ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷத்தில் கரண்ட் போனால் பெட்டி அதோடு எழாது. அதனால் பேட்டரி மாட்டியிருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

மாதக் கடைசிக்குள் அறுபதையும் முடித்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது. மீதி நம் ஊர். அன்று நம் அம்மன் திருவிழா.

மதியம் மாமா போன் பண்ணினார்.

"மச்சான், பேட்டரிய அம்மன் வண்டி லைட்டுக்குக் கழட்டிக் குடுத்துட்டேன். சாமிக்குன்னு கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? நாளைக்குக் காலையில மாட்டிட்டு சொல்றேன். அதுவரைக்கும் பொட்டில கை வெக்காத."

"இன்னா மாமா, இன்ஜினியரு மாதிரி பேசறீங்க?"

"மச்சான் கம்பெனில இருந்தா மாமன் இன்ஜினியருதான். நீதான் திருவிழாவுக்கு வரலியே, உன் பங்கு கறியும் எனக்குத்தான்."

சிரித்தேன். சரி மாமா என்றேன். அது மாதத்தின் கடைசி நாள். திருவிழா அன்று கரண்டை நிறுத்தமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். உறுதி செய்தவர் பெயர் கேட்டது. ரங்கன் என்று போட்டேன். மூன்றாவது நிமிஷம் கரண்ட் போனது.

மறுநாள் மாமா பஸ் பிடித்து, டவர் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு வந்து போனில் பேசினார். "பொட்டில லைட்டே வரல மச்சான். நான் பேட்டரியக் கழட்டினதாலயா?"

"ஆமா மாமா, அதனாலதான்" என்றேன். அவர் எதிர்த்து எதுவும் கேட்கவில்லை. முந்தின நாள் நான் சரி என்று சொன்னதை அவர் நினைவுபடுத்தியிருக்கலாம். நான் படித்தவன், எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

பொறுப்பாளர் முன்கூட்டிச் சொல்லாமல் பேட்டரியைக் கழற்றினார் என்று கம்பெனிக்கு எழுதினேன். ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அக்கா.

செத்த பெட்டியை எழுப்ப ஒரு கேபிள் உண்டு. என் பையில்தான் இருந்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் முடித்திருப்பேன். ஆனால் எழுப்பினால், வேலையை எந்த நேரத்தில் தொடங்கினேன் என்று பெட்டி காட்டிவிடும். பேட்டரியைக் கழற்றியதாக மாமா சொன்னது ஆபீஸ் போனில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கதை முடிந்தது. அதனால் சரிசெய்ய முடியாது, புதுப் பெட்டி வேண்டும் என்று எழுதினேன். வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். பரவாயில்லை என்றேன்.

ஏழாவது நாள் தமிழரசிக்குப் பிரசவ வலி வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஊரில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. மாமாதான் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை மலைப்பாதையில் ஓடினார், செருப்புகூட இல்லாமல். வண்டி வந்தபோது குழந்தை பிறந்திருந்தது. அவள் இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. பழையதைக் கேட்டு வாங்கி உடைத்து, இங்கே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன்.

இதைச் சொல்லும்போது முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டிருக்கிறேன். அறையில் யாரும் இல்லை. தினமும் தமிழரசியை நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு நாவற்பழம் பறித்துக் கொடுத்தவள். அவள் குழந்தைக்கு நீ பால் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னபோது போனை வைத்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை என்னால் வரமுடியாது, அக்கா. நான் வந்து பேசினால் நம் வீட்டில் ஒருவருக்குமே வருமானம் இருக்காது. மாமா எப்படியும் தானே செய்ததாக நம்பிவிட்டார். அதை இப்போது கலைத்தால் அவருக்கு இன்னும் குழப்பம்தான். கூட்டத்தில் எதிர்த்துப் பேசாமல் நிற்கச் சொல். இதைப் படித்ததும் அழித்துவிடு. போகச் சொன்னால் நேராக இங்கே வந்துவிடுங்கள், நான் உங்களைக் கைவிடமாட்டேன். எங்கள் கம்பெனியில் காவலாளி வேலை காலியாக இருக்கிறது. மாமா, சொன்ன சொல் தவறாத ஆள் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன்.