தளபதியின் இருபத்திரண்டாவது அச்சு

முகச்சவரம் செய்த பிறகு வெந்நீரில் முகம் கழுவுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். உங்களைப் பார்த்ததுமே சொல்ல நினைத்தேன், சார். பச்சைத் தண்ணீருக்கு மாறிவிடுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக்காரம்மாவே கேட்பார்கள்.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருடம் மேக்கப்காரனாக மற்றவர்கள் முகத்தில் கை வைத்துப் பிழைத்தவன் நான். அதில் கடைசி இருபத்திரண்டு வருடம் ஒரே முகம். தளபதியின் முகம். உங்கள் வீட்டு டீவியிலும் பார்த்திருப்பீர்கள். வேறொரு கோளிலிருந்து வந்து, மனிதர்களின் விண்கப்பலில் காவல் வேலை பார்க்கிறவர். சாம்பல் நிறத் தோல், நெற்றியில் மூன்று மேடு, காது இருக்க வேண்டிய இடத்தில் மீன் செவுள் போல ஒரு மடிப்பு. அந்தத் தொடரில் கப்பல் தலைவர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். கதாநாயகிகளுக்குக் கணக்கே இல்லை. தளபதி மட்டும் மாறவில்லை.

தளபதியாக நடித்தவரைத்தான் நான் கொன்றேன் என்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவர் என்னை அண்ணே என்பார். நான் தம்பி என்பேன். மூன்று வயதுதான் வித்தியாசம். தினமும் காலை ஐந்து மணிக்கு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்த மூன்று மணி நேரமும் அவர் பேசுவார், நான் தளபதி முகமூடியை ஒட்டுவேன். மகள் பல் மருத்துவம் படித்தது, மனைவி நோயில் விழுந்து இறந்தது, எல்லாம் எனக்கு அந்த நாற்காலியில்தான் தெரியும். அவர் மனைவிக்குக்கூட அவர் முகத்தை என் அளவுக்குத் தெரிந்திருக்காது. இடது நாசி வலதைவிடக் கொஞ்சம் சிறிது. கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும்.

நல்ல நடிகர். குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. ஒருமுறை மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் தளபதி பொம்மை தொங்குகிறது. அந்தக் கடைக்காரப் பெண், "பொம்மையத் தொடாதீங்க பெரியவரே, வரிசையில நில்லுங்க" என்றாளாம். என்னிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது, என்னுடையது நிற்கவில்லை. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், எதற்கு மறைக்க வேண்டும்? எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டாவது வருடம் அவருக்கு ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. முகமூடி இல்லாத வேடம், சொந்த முகம். ஒரு தகப்பனாக நடிக்க வேண்டும். அதில் நன்றாக நடித்துவிட்டால் தொடருக்குத் திரும்பி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டுமே. பசையில் சேர்க்கக் கூடாத ஒன்றைக் கொஞ்சம் சேர்த்தேன். அன்று மாலை முகமூடியை உரித்தபோது இடது கன்னத்துத் தோலும் கூடவே வந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் உடை தைக்கிற அம்மா ஊசியைக் கையில் குத்திக்கொண்டார். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. தினமும் போய்ப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்து அழுதார். அந்தத் தகப்பன் வேடம் வேறொருவருக்குப் போயிற்று. கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது. அது முகமூடிக்குள் தெரியாது என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

பதின்மூன்றாவது வருடம் எனக்கு மஞ்சள் காமாலை. பத்து நாள் என் இடத்தில் ஒரு ஆளைப் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பரவாயில்லாத கைக்காரன். நான் திரும்பி வந்தபோது இயக்குநர், "இவரும் நல்லாத்தான் பண்றாரு, இனிமே மாத்தி மாத்திப் பண்ணுங்களேன்" என்றார். நல்ல யோசனை என்றேன். மறுவாரம் முகமூடி வார்க்கும் அச்சை இறுக்குகிற இரும்புக் கவ்வியில் அந்த ஆளின் கை மாட்டிக்கொண்டது. கைப்பிடியைத் திருகியவன் நான். மூன்று சுற்று திருகினேன். ஒரு சுற்று போதும், ஆனால் அரைகுறையாக ஒரு வேலையைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு விரல் போயிற்று. இப்போது பெயின்ட் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி.

இதெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். ஒளித்துப் பேசுகிறவன் இல்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

இந்த வருடம்தான் கடைசி என்று அவர் முடிவு செய்தார். அறுபத்தொரு வயது, ஒருமுறை நெஞ்சுவலி வேறு. போவதென்றால் போகட்டும், அதில் எனக்கு வருத்தம் உண்டே தவிரக் கோபம் இல்லை. அளவு பார்த்து வேறு ஒருவருக்கு ஒட்டினால் தளபதி நடந்துவிடுவார். ஆனால் அவர் ஒரு காரியம் கேட்டார்.

"அண்ணே, பேரன்கிட்ட டீவியக் காட்டி இது யாருன்னு கேட்டா தளபதிங்கிறான். என்னக் காட்டிக் கேட்டா தாத்தாங்கிறான். ரெண்டும் ஒரே ஆளுடான்னா, தாத்தா பொய் சொல்லுதுன்னு சிரிக்கிறான். ஒரே ஒரு தடவ, கடைசி காட்சியில, இந்த மூஞ்சியக் கழட்டிட்டுப் போயிடுறேனே."

"இயக்குநர் ஒத்துக்கணுமே தம்பி" என்றேன்.

"ஒத்துக்கிட்டாரு."

ஒரு வாரத்தில் மேக்கப் அறைக்குக் கதைப் பக்கம் வந்துவிட்டது. 'தளபதியின் முகம் கழற்றப்படுகிறது. உள்ளே ஒரு மனிதன்.' நான்கு தடவை படித்தேன். சார், நீங்களே யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வருடம் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அவரை நம்பி வளர்ந்திருக்கின்றன. திடீரென்று அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கன்னத்தில் தழும்போடு, முன்பல் மஞ்சளாக ஒரு கிழவன் இளிப்பதா? உள்ளே இருந்தது மனிதன்தான், யார் இல்லை என்றது? தளபதி வெளியேதானே இருந்தார். என் மேசைமேல்தானே இருந்தார்.

கழற்றுகிற காட்சிக்குத் தனி முகமூடி வேண்டும். அதற்குப் புதிதாக முக அச்சு எடுக்க வேண்டும். அதை எப்படி எடுப்போம் என்று சொல்கிறேன். ஆளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, அசையாமல் இருக்க நெற்றியிலும் கையிலும் பட்டை போடுவோம். முகம் முழுக்க, ரப்பர் போல இறுகுகிற அச்சுக் கூழைப் பூசி, மேலே பிளாஸ்டர் துணியை ஒட்டுவோம். கண், வாய், காது எல்லாம் அடைபட்டுவிடும். மூக்கின் இரண்டு துளை மட்டும் திறந்திருக்கும். இறுக இருபது நிமிடம் ஆகும். பேச முடியாது என்பதால் கைச்சாடை உண்டு. ஒரு விரல் காட்டினால் நன்றாக இருக்கிறேன். முஷ்டியை மூடினால் உடனே எடு. வருடத்துக்கு ஒன்றாக அதுவரை எடுத்த இருபத்தோரு அச்சிலும் அவர் முஷ்டியை மூடியதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

பிற்பகல் மூன்று மணி. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். பிளாஸ்டர் பாதி இறுகும்வரை காத்திருந்தேன். அவர் ஒரு விரல் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது கூழை இரண்டு உருண்டை எடுத்து, முதலில் இடது துளையில், பிறகு வலதில், கட்டைவிரலால் உள்ளே தள்ளினேன். இடதில் சின்ன உருண்டை. அளவு எனக்குத் தெரியும் என்றேனே.

முதலில் தவறுதலாக வழிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். விரலை மடக்கி மெதுவாக முஷ்டியை மூடினார், எனக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்பது போல. பிறகு வேகமாக மூடித் திறந்தார். பிறகு சாடை எல்லாம் போய்விட்டது. நாற்காலியே தூக்கிப் போட்டது. வலது கைப்பட்டை அறுந்து, நகம் என் முன்கையில் இறங்கி உடைந்தது. இதோ, இந்தக் காயம்தான். முழங்கால் என் விலாவில் பட்டு ஒரு எலும்பு விரிசல் விட்டது. இப்போதும் தும்மினால் வலிக்கிறது. நான் அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, அச்சு பிசகாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கூழைக் கடித்து விழுங்கி, வாயைப் பிளந்து வழி தேடினார். பிளாஸ்டருக்குள் அந்தச் சத்தம் தண்ணீர்க்குழாயில் காற்று ஏறியது போல இருந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. கால் கடைசியாக நின்றது.

மீதி நேரமும் நான் அசையவில்லை. அவசரப்பட்டு எடுத்தால் அச்சு கெட்டுவிடும். எடுத்துப் பார்த்தேன். புருவத்து மயிர்கூடத் தனித்தனியாக விழுந்திருந்தது. பின்பக்கம் எப்போதும் போல எண்ணும் தேதியும் எழுதி, மற்ற இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தேன், மூக்கையும் வாயையும் சுத்தம் செய்தேன். நெற்றியிலும் கையிலும் பட்டை அறுத்த தடம் இருந்தது. அதை மறைக்க எனக்கா தெரியாது? பிறகுதான் இயக்குநரைக் கூப்பிட்டேன். அச்சு எடுக்க உட்காரும்முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்றேன். வந்த டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. அடக்கத்துக்கு ஊரே வந்தது, பாதிப் பேர் தளபதி முகமூடி போட்டுக்கொண்டு.

இரண்டு வாரம் கழித்து அவர் மகள் அப்பாவின் சாமான்களை எடுக்க வந்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அலமாரியைப் பார்த்து, கடைசி அச்சைக் கையில் எடுத்தாள். அவளும் நாள் முழுக்க அச்சு எடுக்கிறவள்தானே, பல்லுக்கு. உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதுல அப்பா வாயத் திறந்திருக்காரு. கீழ்ப்பல்லு பதிஞ்சிருக்கு."

அச்சை வாங்கக் கை நீட்டினேன்.

"அச்சு எடுக்குறதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு சொன்னீங்க. தேதி அன்னிக்கிதான போட்டிருக்கு."

அச்சைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் பின்வாங்கினாள். கீழே போட்டுவிடுவாளோ என்று எனக்குப் பதறிவிட்டது. மரச்சுத்தியல் பக்கத்தில் இருந்தது. ஒரு அடி, தாடையில். விழுந்த பிறகும் அச்சை விடாமல் வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால் இன்னொன்று, தோளில். அதற்குள் உடை தைக்கிற அம்மா வந்துவிட்டார். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நீங்கள் சொன்னது எனக்குச் சந்தோஷம். தாடையைக் கட்டுகிறவரிடம் சொல்லுங்கள், அவளுக்கு அப்பாவைப் போலவே இடது பக்கம் அரை விரல் இறக்கம்.

இப்போது நீங்கள் ஒரு தாளை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். கதையின் அடுத்த பக்கம், எனக்கு வந்து சேராத பக்கம். தம்பியே கேட்டு எழுத வைத்தது என்கிறீர்கள். படித்தேன். கடைசி காட்சியில் தளபதி தானாக முகத்தைக் கழற்றுவதில்லை. ஒரு கிழவர் கேமரா முன்னால் வந்து, பொறுமையாகக் கழற்றுகிறார். கழற்றி முடிந்ததும் நடிகர் திரும்பி, 'தளபதியைச் செய்தவர் இவர்தான், என் அண்ணன்' என்று என் பெயரைச் சொல்கிறார். அதோடு தொடர் முடிகிறது.

நான் அழுவேன் என்று பார்க்கிறீர்கள். நல்ல பக்கம்தான், நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தப்பு இருக்கிறது, பேனா கொடுத்தால் திருத்தித் தருகிறேன். நெற்றியிலிருந்து கழற்றுவதாக எழுதியிருக்கிறார்கள். நான் கழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன், அப்போதுதான் தோல் இழுக்காது. தம்பிக்கு வலிக்கிற மாதிரி இந்தக் கை ஒருநாளும் எதுவும் செய்ததில்லை, சார்.