தனி டம்ளரும் தனி லைனும்

பாஸ்வேர்டு, பாஸ்வேர்டுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே கொட்டாவி வருது. கடைசி வரிசையில ரெண்டு பேர் தூங்கியே போயிட்டீங்க. அதனால நடுவுல ஒரு குட்டிக் கதை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல பேச வான்னு கூப்பிட்டீங்க... இதைக் கேட்டதும் இனிமே கூப்பிட மாட்டீங்க. பரவாயில்ல.

நான் வீடு வீடாப் போய்க் கம்ப்யூட்டர் சரி பண்றவன். உங்க ஹாலும் எனக்குத் தெரியும்... பின்வாசலும் தெரியும்.

தில்லைநாயகம்னு ஒரு ஐயா. பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தத் தெருன்னு கேக்காதீங்க, சொந்தக்காரங்க இங்கயே இருப்பீங்க. வீட்டுல மூணு கம்ப்யூட்டர், ஒரு வைஃபை. ஒரே பொண்ணு, உமையாள். ஆறு வருஷமா பி.எச்டி. தலைப்பு என்ன தெரியுமா? சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல். ஞாபகம் வச்சுக்கோங்க... விருந்தோம்பல்.

அந்த வீட்டுல வேலை செய்றவங்க பிரமிளா. முப்பது வயசு. பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்பை இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. உமையாளுக்குத் தமிழ் டைப்பிங் வராது. அது கையால எழுதிக் குடுக்கும். இவங்க பாத்திரம் தேய்ச்சு முடிச்சு, துவைக்கிற கல்லு மேல உக்காந்து டைப் அடிச்சுக் குடுப்பாங்க. ஆனா காபிக்குத் தனி டம்ளர். பின்பக்க ஜன்னல்ல கவுத்து வச்சிருக்கும். டைப் அடிச்சா தீட்டு இல்லீங்க... குடிச்சாத்தான் தீட்டு!

சிரிக்காதீங்க. உங்க ஜன்னல்லயும் பாத்திருக்கேன்.

ஒருநாள் ஐயா கூப்பிட்டார். "தம்பி, அந்த வேலைக்காரப் பொண்ணுக்கு நெட்டு வேணுமாம். நம்ம லைன்ல விட்டுடாத. அதுங்க எங்கெங்கயோ போய் எதையெதையோ இழுத்துட்டு வரும். தனியா ஒண்ணு போட்டுக் குடு."

"சார், கெஸ்ட் லைன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற மிஷின் உங்க மிஷினைத் தொட முடியாது. ஆனா வெளியில இருந்து எது வந்தாலும் அதுலதான் விடணும்."

"எது வந்தாலும்னா?"

"உங்க மச்சினன் லேப்டாப் வந்தாலும்."

ஐயாவுக்கு முகம் சிவந்து போச்சு. "குலசேகரனையா? என் சம்சாரத்தோட கூடப்பொறந்தவர்யா! போன கல்யாணத்துல அவருக்குப் பன்னீர் தெளிக்க மறந்துட்டோம்னு ரெண்டு வருஷம் பேசாம இருந்த மனுஷன். அவரைப் போய் கெஸ்ட்டுன்னா சும்மா விடுவாரா?"

சரி... பிரமிளாவுக்கு மட்டும் தனி லைன் போட்டுக் குடுத்தேன். அந்தப் பன்னீர் மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வந்தார், லேப்டாப்போட. அதுல காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் ஒண்ணு இல்ல. எல்லாம் திருட்டு, உள்ளயே கிருமி.

"அக்கா, பாஸ்வேர்டு என்ன?"

"நம்ம அப்பா பேருதாண்டா!"

பாயசம் ஆறல. மூணு கம்ப்யூட்டரும் போச்சு. மூணு திரையிலயும் ஒரே அறிவிப்பு... உங்க ஃபைலையெல்லாம் பூட்டிட்டோம், சாவி வேணும்னா பணம் கட்டு.

உமையாளோட ஆய்வேடு, அஞ்சு இயலும் உள்ள. ஒன்பது நாள்ல சமர்ப்பிக்கணும். வாங்க வேண்டிய நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாச்சு. நாள் தாண்டினா ஆறு வருஷமும் ரத்து. கையால எழுதின தாள்? அதை வீட்டம்மா எடைக்குப் போட்டுட்டாங்க.

நான் ஓடினேன். "சார், பேக்கப் டிஸ்க் வாங்கச் சொன்னேனே?"

"வாங்கினேனே! அங்க பாரு."

பாத்தேன். டிஸ்க்குக்குப் பொட்டு வச்சு, பூ வச்சு... கம்ப்யூட்டர்லயே செருகி, ஒரு வருஷமா கழட்டவே இல்ல. அதையும் சேத்துப் பூட்டிட்டான். மாத்துச் சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டா திருடன் என்ன பண்ணுவான்? கும்பிட்டுட்டுப் போவான்!

உமையாள் தேம்பித் தேம்பி அழுவுது. வீட்டம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. குலசேகரன் மட்டும், "எல்லாம் அந்த வேலைக்காரிக்கு நெட்டு குடுத்தீங்க பாருங்க மாமா, அதான்"ங்கிறார். எவ்வளவு தைரியம் பாருங்க!

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதை டைப் அடிச்சது யாரு?"

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கிறாங்க. மூணு மணி நேரம் அழுதிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட ஞாபகம் வரல. பிரமிளா எங்க இருந்தாங்க? பின்வாசல்ல, விருந்துப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு!

உமையாள் ஓடுது. "பிரமிளாக்கா... உங்க லேப்டாப்புல..."

"அஞ்சு இயலும் இருக்கு பாப்பா. போன வாரத் திருத்தம் வரைக்கும்."

"ஏங்கா சொல்லல?"

"அழுவுற சத்தம் கேட்டுச்சு. ஏதோ துக்கம்னு நெனச்சேன். உள்ள வரலாமான்னும் தெரியல."

அதே வீடு. அதே நேரம். அந்த ஓசி லேப்டாப் துவைக்கிற கல்லு மேல ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. தனி லைன்ல இருந்ததால அதுக்கு ஒரு கீறல் இல்ல.

ஐயா சொன்னார், "ஹால்ல உக்காந்தே எடுத்துக் குடும்மா." அடேங்கப்பா... ‘அம்மா’ வந்துடுச்சு! பிரமிளா முதல் தடவையா அந்த சோபாவுல உக்காந்தாங்க. வீட்டம்மா காபி கொண்டு வந்தாங்க, எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. எனக்குப் பளபளன்னு டம்ளர். அவங்களுக்கு?

அதே ஜன்னல் டம்ளர்.

பிரமிளா அதைப் பாத்தாங்க. சிரிச்சாங்க. "வேணாம்மா. கம்ப்யூட்டர் பக்கத்துல டம்ளர் வைக்கக் கூடாது. ஆபத்து."

நான் என்ன பண்ணேன்? மடக்மடக்னு குடிச்சேன். சூடா இருந்தது, நல்லாவும் இருந்தது. அதான் இன்னிக்கு இங்க நின்னு கத்திக்கிட்டு இருக்கேன்.

ஏன் சொல்றேன் இதை? ஆபத்து யார்கிட்ட இருந்து வரும்னு நீங்க ஜாதியைக் கேட்டு முடிவு பண்றீங்க. கிருமி உங்க ஜாதியைக் கேக்கல... மச்சினன் மடியில உக்காந்து வந்துச்சு. தனி லைன் போடுங்க, மச்சினனையும் அதுல விடுங்க, கோவிச்சுக்கட்டும். டிஸ்க்கை வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க, பூ வேணாம். முடியலன்னா என்னைக் கூப்பிடுங்க, வரேன்.

ஆனா அந்த ஜன்னல் டம்ளர் இருக்கே... அதுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அதைச் சரி பண்ற கடை எந்த ஊர்லயும் இல்ல. வச்ச கையாலதான் எடுத்துப் போடணும்.